பியரிஷ்னா என்ன? டிவில அந்த வார்த்தை வந்ததும் பதறாம இருக்க ஒரு சின்ன விளக்கம்

2025 பிப்ரவரி மாசம் கடைசி வெள்ளிக்கிழமை ராத்திரி சித்தி பொண்ணு போன் பண்ணா. ஸ்கூல் டீச்சரா இருக்கா, மாசம் 3,000 ரூபாய் மியூச்சுவல் ஃபண்டுல எஸ்ஐபி போட்டுட்டு வர்றா, மத்தபடி ஷேர் மார்க்கெட் பக்கம் தலை வச்சு படுக்காத ஆளு. "அண்ணா, டிவில மார்க்கெட் பியரிஷ் பியரிஷ்னு சொல்லிட்டே இருக்காங்க, எல்லாத்தையும் எடுத்துடவா"ன்னு கேட்டா. அன்னைக்கு ஒரே நாள்ல நிஃப்டி (பெரிய கம்பெனிகள் 50ஓட ஷேர் விலையை வச்சுப் போடற இண்டெக்ஸ்) 420 பாயிண்ட் விழுந்து 22,124ல முடிஞ்சிருந்துச்சு, அதனால அவ பயந்ததுல தப்பே இல்ல. சரி, பியரிஷ்னா என்னன்னு நினைக்கிறேன்னு கேட்டேன். "டேஞ்சர்னு தானே அர்த்தம்"ன்னா.

அவ மட்டும் இல்ல, நிறைய பேர் அப்படித்தான் எடுத்துக்கறாங்க. வானிலை ஆபீஸ்ல ரெட் அலர்ட் கொடுக்கற மாதிரி, யாரோ மேல உக்காந்து பார்த்துட்டு அறிவிக்கிற ஒரு எச்சரிக்கைன்னு. அன்னைக்கு அவகிட்ட முக்கா மணி நேரம் பேசினதை கொஞ்சம் விரிவா இங்க எழுதறேன். நான் செபில (ஷேர் மார்க்கெட்டைக் கண்காணிக்கற அமைப்பு) பதிவு பண்ணின ஆலோசகர் எல்லாம் கிடையாது, இதை வாங்கு அதை வித்துடுன்னு சொல்லப் போறதும் இல்ல, ஒரே ஒரு வார்த்தையைப் பத்தி மட்டும்தான் பேசப் போறேன்.

பியரிஷ்னா விலை இறங்கும்னு நினைக்கிறது. அவ்வளவுதான். ஏறும்னு நினைச்சா புல்லிஷ். (சிலர் பேரிஷ்னு எழுதுவாங்க, ரெண்டும் ஒண்ணுதான்.) இதுல முக்கியமான சொல் "நினைக்கிறது". அது ஒருத்தரோட கணிப்பு. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்ல தக்காளி வியாபாரம் பண்ற ஒருத்தரை நினைச்சுக்கோங்க, நாளைக்கு வரத்து ஜாஸ்தியா இருக்கும்னு அவருக்கு தகவல் வருது, உடனே கடைப் பையன்கிட்ட "இருக்கற பெட்டியை எல்லாம் இன்னைக்கே வந்த விலைக்கு தள்ளி விட்றா, நாளைக்கு ரேட்டு நிக்காது"ங்கறார். அந்த நிமிஷம் அவர் தக்காளில பியரிஷ். தக்காளி அழுகிப் போச்சுன்னு அர்த்தம் இல்ல, தக்காளியே இனிமே விக்காதுன்னும் அர்த்தம் இல்ல, வெங்காயமும் சேர்ந்து இறங்கும்னும் அவர் சொல்லல. நாளைக்கு, தக்காளி, ரேட்டு இறங்கும். அதே நேரத்துல பக்கத்துக் கடைக்காரர், ராத்திரி மழை வந்தா வரத்து குறைஞ்சிடும்னு நினைச்சு அவர் தள்ளி விடற பெட்டியையே வாங்கிப் போடலாம், அவர் புல்லிஷ். ரெண்டு பேரும் இருந்தாத்தான் வியாபாரமே நடக்கும். நிஃப்டி 420 பாயிண்ட் விழுந்த அன்னைக்கு கூட வித்த ஒவ்வொரு ஷேரையும் யாரோ ஒருத்தர் காசு கொடுத்து வாங்கியிருக்காங்க, இதை நான் சொன்னப்ப அவ ஒரு நிமிஷம் பேசவே இல்ல.

அதனால பியரிஷ்ங்கற வார்த்தை காதுல விழுந்ததும் கேக்க வேண்டியது எதுல, எத்தனை நாளைக்கு, எந்த விலை வரைக்கும்னுதான். டிவில வர்றவர் "நிஃப்டி 22,000க்கு கீழ க்ளோஸ் ஆனா நான் பியரிஷ்"னு சொன்னா அதுல ஒரு நிபந்தனை இருக்கு, கீழ முடியலைன்னா அவர் சொன்னது செல்லாது. பெரும்பாலும் அவர் பேசறது அடுத்த நாலஞ்சு நாளைப் பத்தி, ஏன்னா அவர் டிரேடர், அவரோட உலகமே ஒரு வாரத்துக்குள்ள முடிஞ்சு போயிடும். அதே ஆளுகிட்ட போய் "பத்து வருஷத்துக்கு இந்தியாவைப் பத்தி என்ன நினைக்கிறீங்க"ன்னு கேட்டா "சூப்பர் புல்லிஷ்"னு சொல்லுவார். அவர் ரெட்டை நாக்கு பேசல, ரெண்டும் வேற வேற கேள்வி. தங்கச்சியோட பணம் பதினாலு வருஷம் கழிச்சு பையன் காலேஜுக்கு வேணுங்கற பணம். நாலு நாள் கணிப்பை எடுத்து பதினாலு வருஷத்துப் பணத்து மேல வச்சா எப்படி சரியா வரும்?

இங்கிலீஷ்ல பியர்னா கரடி, புல்னா காளை. இப்ப இந்தக் கரடி எப்படி மார்க்கெட்டுக்குள்ள வந்துச்சுன்னு சொல்றேன், ஏன்னா அந்தக் கதையிலதான் வார்த்தையோட உண்மையான அர்த்தம் இருக்கு. கரடி மேல இருந்து கீழ அறையும், காளை கொம்பால கீழ இருந்து மேல தூக்கும், அதனாலதான் இந்தப் பேர்னு எல்லா இடத்துலயும் போட்டிருப்பாங்க. ஞாபகம் வச்சுக்க அது நல்லாத்தான் இருக்கு, ஆனா பேர் வந்தது அதனால இல்ல. கரடியைப் பிடிக்கறதுக்கு முன்னாடியே அதோட தோலை வித்துடாதேன்னு இங்கிலாந்துப் பக்கம் ஒரு பழமொழி உண்டு. 1700களோட ஆரம்பத்துல லண்டன்ல, கைல இல்லாத ஷேரை இன்னைக்கு ஒரு விலைக்கு வித்துட்டு, பின்னாடி விலை இறங்கினதும் வாங்கிக் கொடுத்துக்கலாம்னு இருந்த ஆட்களை கரடித்தோல் வியாபாரின்னு கூப்பிட ஆரம்பிச்சாங்க, அது சுருங்கி வெறும் கரடி ஆயிடுச்சு. 1720ல சவுத் சீ கம்பெனி ஷேர் ஊதிப் பெருத்து வெடிச்ச சமயத்துல இந்த வார்த்தை ஊரெல்லாம் பரவிடுச்சு. காளை அதுக்கு ஜோடியா பின்னாடி வந்ததுதான். ஆக, கரடிங்கறது முதல்ல மார்க்கெட்டோட நிலைமையைக் குறிச்ச வார்த்தையே இல்ல, ஒரு ஆளைக் குறிச்சது. இல்லாததை வித்துட்டு, விலை இறங்கணுமேன்னு காத்துட்டு இருக்கற ஆள்.

வார்த்தை வர்றதுக்கு முன்னாடியே வேலை இருந்திருக்கு. 1609ல ஆம்ஸ்டர்டாம்ல ஐசக் லெ மேர்னு ஒரு வியாபாரி, டச்சு கிழக்கிந்தியக் கம்பெனி மேல இருந்த கோவத்துல சில பேரைச் சேர்த்துக்கிட்டு அந்தக் கம்பெனி ஷேரை இப்படி இல்லாமலேயே வித்துத் தள்ளினார், அடுத்த வருஷமே அந்த மாதிரி விக்கறதுக்கு அங்க தடை போட்டாங்க. மார்க்கெட் விழும்போதெல்லாம் "ஷார்ட் அடிக்கறவங்களை (இப்படி இல்லாததை விக்கறவங்களை) தடை பண்ணு"ன்னு எழுற குரலுக்கு நானூறு வருஷத்துக்கு மேல வயசாச்சு.

நம்ம நாட்டுல, பாம்பே ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச் இருக்கற தலால் ஸ்ட்ரீட்ல இதுக்கு தனி பாஷை உண்டு. ஏற்றத்துக்கு தேஜி, இறக்கத்துக்கு மந்தி, இறங்கும்னு ஆடறவங்களுக்கு மந்தடியா. இந்த மந்தியும் நம்ம "மந்தம்"ங்கற சொல்லும் ஒரே வேர்தான், ஆனா அர்த்தத்துல ஏமாந்துடக் கூடாது. கடைல வியாபாரம் மந்தமா இருக்குன்னா ஆள் வரத்தே இல்லைன்னு சொல்றோம். பியரிஷ் மார்க்கெட் அப்படி தூங்கி வழியாது, விழற நாள்லதான் வாங்கல் விற்றல் எக்கச்சக்கமா நடக்கும். ஏறவும் இல்லாம இறங்கவும் இல்லாம ஒரே இடத்துல நடை போடறதுக்கு சைடுவேஸ்னு வேற பேர் இருக்கு. தமிழ் பேப்பர்ல "கரடியின் பிடியில் பங்குச்சந்தை"ன்னு தலைப்பு போடுவாங்க, படிக்க நல்லா இருக்கும். நம்ம ஊர்ல கரடி விடறதுன்னா பொய் சொல்றது, சிவபூஜைல கரடின்னா வேண்டாத நேரத்துல வந்து நுழையறது. இந்த ரெண்டாவதுதான் மார்க்கெட் கரடிக்கு ரொம்பப் பொருந்தும்னு எனக்குத் தோணும், எல்லாரும் கண்ணை மூடி லாபத்தைக் கும்பிட்டுட்டு இருக்கும்போதுதான் அது உள்ள வரும்.

பியரிஷா இருக்கறவர் என்னதான் பண்ணுவார்? சும்மா இருக்கலாம், அது ஒண்ணு. கைல இருக்கறதை விக்கலாம், புதுசா வாங்காம காசா வச்சுக்கலாம். இல்ல அந்தக் காலத்துக் கரடித்தோல் வியாபாரி மாதிரி ஷார்ட் போகலாம், அதாவது முதல்ல வித்துட்டு அப்புறம் வாங்கறது. தக்காளிக்கே திரும்பப் போனா, ஒரு ஹோட்டல்காரர்கிட்ட "நாளன்னைக்கு பத்து பெட்டி, பெட்டி 500 ரூபாய்னு தர்றேன்"னு பேசி முடிச்சுடறீங்க, உங்ககிட்ட ஒரு தக்காளி கூட இல்ல. நாளன்னைக்கு ரேட்டு 350 ஆனா வாங்கிக் கொடுத்துட்டு பெட்டிக்கு 150 லாபம். ரேட்டு 900 ஆயிட்டா? கொடுத்த வாக்குக்காக 900க்கு வாங்கி 500க்கு கொடுத்தே ஆகணும். இதுதான் பயங்கரமான இடம். 100 ரூபாய்க்கு ஷேர் வாங்கினா அதிகபட்சம் போறது 100 ரூபாய், ஷார்ட் போனா விலை எவ்வளவு மேல போகும்னு யாருக்கும் தெரியாது, அதனால நஷ்டத்துக்கு உச்சவரம்பே இல்ல.

இதை நம்ம நாட்டுல ஒரு தடவை நல்லாவே பாத்தாங்க. ரிலையன்ஸ் 1977ல மக்களுக்கு ஷேர் வெளியிட்டு சின்னச் சின்ன முதலீட்டாளர்களை நிறைய சேர்த்திருந்த காலம். 1982ல கல்கத்தாவைச் சேர்ந்த கரடிக் கூட்டம் ஒண்ணு அந்த ஷேரை கைல இல்லாமலேயே வித்து விலையை இறக்கப் பாத்துச்சு. ஆனா இவங்க விக்க விக்க, ரிலையன்ஸுக்கு வேண்டப்பட்ட புரோக்கர்கள் எதிர்ப்பக்கம் நின்னு வாங்கிட்டே இருந்தாங்க. அப்பெல்லாம் பத்லான்னு ஒரு முறை இருந்துச்சு, செட்டில்மெண்ட் நாள் வந்தா ஒரு தொகையைக் கொடுத்துட்டு கணக்கை அடுத்த செட்டில்மெண்டுக்கு தள்ளிப் போட்டுக்கலாம். இந்தத் தடவையும் அப்படித் தள்ளிக்கலாம்னு கரடிங்க நினைச்சிருக்க, வாங்கினவங்க "தள்ளறது எல்லாம் முடியாது, ஷேரைக் கொண்டா, இல்ல ஷேருக்கு இவ்வளவுன்னு அபராதத்தை எடுத்து வை"ன்னு நின்னுட்டாங்க. இல்லாத ஷேரை எங்க போய் கொடுக்கறது? தேடித் தேடி வாங்கப் போக விலை இன்னும் ஏறிடுச்சு, பாம்பே ஸ்டாக் எக்ஸ்சேஞ்சையே சில நாள் மூட வேண்டியதாப் போச்சு. ரிலையன்ஸை ஆரம்பிச்ச திருபாய் அம்பானி பேர் நாடு முழுக்க பரவினதுல இந்தச் சம்பவத்துக்கு பெரிய பங்கு உண்டு. பத்லா முறை 2001ல ஒரேயடியா போயிடுச்சு.

இன்னைக்கு நம்மள மாதிரி சாதாரண ஆளுங்க கேஷ் மார்க்கெட்ல ஷார்ட் போனா அன்னைக்கே வாங்கி முடிச்சாகணும், விட்டுட்டா எக்ஸ்சேஞ்ச் நடத்தற ஏலத்துக்குப் போய் அபராதத்தோட நிக்கும். நாள் கணக்குல பியரிஷா பொசிஷன் வச்சிருக்கணும்னா ஃபியூச்சர்ஸ் (பின்னாடி வர்ற ஒரு தேதிக்கு இன்னைக்கே விலை பேசிக்கற ஒப்பந்தம்) விக்கணும், இல்ல புட் ஆப்ஷன் (ஒரு கெடு தேதி வரைக்கும் பேசின விலைக்கு விக்கற உரிமை) வாங்கணும். புட் வாங்கறது ஒரு வகையில இன்சூரன்ஸ் மாதிரி, விலை விழுந்தா பணம் வரும், விழலைன்னா கட்டின பிரீமியம் போயிடும். கேக்கறதுக்கு சுலபமா இருக்கும். ஆனா செபி 2024 செப்டம்பர்ல வெளியிட்ட ஆய்வுல, முந்தின மூணு நிதியாண்டுல ஃபியூச்சர்ஸ் ஆப்ஷன்ஸ்ல இறங்கின தனி ஆட்கள்ல 93 சதவீதம் பேருக்கு நஷ்டம், மொத்தமா 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல போயிருக்குன்னு சொல்லியிருக்காங்க. மார்க்கெட் விழும்னு நீங்க நினைச்சது சரியாவே இருந்தாலும், எப்ப விழும்ங்கறது ஒரு வாரம் தள்ளிப் போனா, அதுக்குள்ள கெடு முடிஞ்சு புட் செத்துடும். புதுசா வர்றவங்க தயவு செஞ்சு இந்தப் பக்கம் வராதீங்க, இதை மனசார சொல்றேன், சம்பளக் காசைத் தொலைச்சுட்டு வீட்ல சொல்ல முடியாம தவிச்ச பசங்களை நான் நேர்ல பாத்திருக்கேன்.

அடுத்தது பியரிஷ் வேற, பியர் மார்க்கெட் வேற. இதுலதான் டிவி பாக்கறவங்க ரொம்பக் குழம்பறாங்க. பியரிஷ்ங்கறது கணிப்புன்னு சொன்னேன்ல, பியர் மார்க்கெட்ங்கறது ஏற்கனவே நடந்து முடிஞ்சதுக்கு வைக்கிற பேர். உச்சத்துல இருந்து 10 சதவீதம் இறங்கினா கரெக்‌ஷன், 20 சதவீதமோ அதுக்கு மேலயோ இறங்கினா பியர் மார்க்கெட்டுன்னு ஒரு வழக்கம் இருக்கு, சட்டம் எல்லாம் இல்ல, உலகம் முழுக்க அப்படிப் பேசிப் பேசி நிலைச்சு போன அளவுகோல். இப்ப தங்கச்சி பயந்த அந்த இறக்கத்தை எடுத்துக்குவோம். நிஃப்டி 2024 செப்டம்பர் 27 அன்னைக்கு 26,277ங்கற உச்சத்தைத் தொட்டுச்சு. அக்டோபர்ல ஆரம்பிச்சு பிப்ரவரி வரை தொடர்ந்து அஞ்சு மாசம் இறக்கத்துலயே முடிஞ்சுது, அப்படி ஒண்ணு 1996க்கு அப்புறம் நடந்ததே இல்ல. வெளிநாட்டு நிறுவனங்க வித்துட்டே இருந்தாங்க, கம்பெனிகளோட லாபமும் எதிர்பாத்த அளவு வரல. மார்ச் மாசம் கொஞ்சம் நிமிர்ந்து, திரும்ப ஏப்ரல் 7 அன்னைக்கு டிரம்ப் போட்ட வரி பயத்துல 21,743 வரை போயிட்டு வந்துச்சு. கணக்குப் போட்டா உச்சத்துல இருந்து 17 சதவீதம் சொச்சம். 20 சதவீதம்னா 21,022க்குக் கீழ போயிருக்கணும், போகல. அதாவது அத்தனை மாசம் பியரிஷ் பியரிஷ்னு பேசியும் நிஃப்டி அந்த அளவுகோல்படி பியர் மார்க்கெட்டுக்குள்ள நுழையவே இல்ல. ஆனா அதே சமயத்துல சின்னக் கம்பெனிகளுக்கான ஸ்மால்கேப் இண்டெக்ஸ் 20 சதவீதத்துக்கு மேல அடி வாங்கி பியர் மார்க்கெட்டுக்குள்ள போயிடுச்சு. ரெண்டு பேர் பக்கத்து பக்கத்துல உக்காந்திருந்து, ஒருத்தர் "பெருசா ஒண்ணும் இல்லையே"ங்கறதும் இன்னொருத்தர் "என் போர்ட்ஃபோலியோ நாசமாப் போச்சு"ங்கறதும் இதனாலதான். எதுலன்னு கேக்கணும்னு சொன்னது இதுக்குத்தான்.

உண்மையான பியர் மார்க்கெட் எப்படி இருக்கும்னு பாக்கணும்னா 2008. ஜனவரி 10ம் தேதி சென்செக்ஸ் (பாம்பே ஸ்டாக் எக்ஸ்சேஞ்சோட இண்டெக்ஸ்) 21,206 வரை போச்சு, அக்டோபர் 27ம் தேதி 7,697. பத்து மாசம் கூட ஆகல, மூணுல ரெண்டு பங்கு கிட்டத்தட்ட காணாமப் போச்சு. ஒரே அடியா விழுந்தா கூட மனசு தேத்திக்கும், ஆனா இது அப்படி விழாது, விழும், கொஞ்சம் ஏறும், அப்பாடா முடிஞ்சுதுன்னு மூச்சு விடுவீங்க, உள்ள இருக்கறதை விட இன்னும் கொஞ்சம் காசு போடுவீங்க, திரும்ப முன்ன விட கீழ விழும். இதுக்கு பியர் மார்க்கெட் ரேலின்னு பேர், இருக்கறதுலயே அதிகம் பேரை அழ வைக்கறது இதுதான். அமெரிக்காவுல 1929 நவம்பர்ல டௌ ஜோன்ஸ் இண்டெக்ஸ் 198க்கு விழுந்து, அடுத்த ஏப்ரல்ல 294 வரை எழுந்து வந்துச்சு, ஐம்பது சதவீதத்துக்குப் பக்கம். கஷ்டகாலம் போயிடுச்சுன்னு நம்பி உள்ள போனவங்க எத்தனை பேரோ. 1932 ஜூலைல அது 41ல நின்னுச்சு. 1929 செப்டம்பர்ல இருந்த 381ங்கற உச்சத்தைத் திரும்பத் தொட 1954 ஆச்சு. அதனால "விழுந்தா வாங்கு, எப்பவும் ஏறிடும்"னு கண்ணை மூடிச் சொல்றவங்களையும் நான் நம்பமாட்டேன், ஜப்பான்ல நிக்கேய் இண்டெக்ஸ் 1989 டிசம்பர்ல தொட்ட உச்சத்தைத் தாண்ட 2024 பிப்ரவரி வரை, 34 வருஷம் ஆயிருக்கு. விழறதுக்கும் ஏறறதுக்கும் கணக்கு வேற வேறங்கறதையும் சேர்த்து மனசுல வச்சுக்கோங்க. 100 ரூபாய் 20 சதவீதம் விழுந்து 80 ஆனா திரும்ப 100 ஆக 25 சதவீதம் ஏறணும், பாதியா விழுந்தா ரெட்டிப்பா ஏறணும்.

சார்ட் பாக்கறவங்க பாஷைல பியரிஷ்ங்கறது வேற மாதிரி வரும், சுருக்கமா சொல்லிட்டுப் போயிடறேன். சார்ட்ல ஒரு நாளோட விலையைக் காட்டற கட்டைக்கு கேண்டில்னு பேர், ஆரம்பிச்ச விலையை விட கீழ முடிஞ்சா அது சிவப்பு கேண்டில், அதை பியரிஷ் கேண்டில்ம்பாங்க. முந்தின நாள் பச்சை கேண்டிலை முழுசா விழுங்கற மாதிரி ஒரு பெரிய சிவப்பு வந்தா பியரிஷ் எங்கல்ஃபிங். ஒவ்வொரு தடவை ஏறும்போதும் முந்தின உயரத்தைத் தொட முடியாம, ஒவ்வொரு தடவை இறங்கும்போதும் முந்தின பள்ளத்தை விட ஆழமா போனா டிரெண்ட் பியரிஷ், இது ஒண்ணு மட்டும் கத்துக்கிட்டாலே போதும்னு நினைக்கிறேன். 50 நாள் சராசரி 200 நாள் சராசரிக்குக் கீழ வெட்டிட்டுப் போறதை டெத் கிராஸ்னு பேர் வச்சு பயமுறுத்துவாங்க, பழைய விலைகளோட சராசரிங்கறதால அது வர்றதுக்குள்ள விழுந்ததுல பெரும்பகுதி விழுந்து முடிஞ்சிருக்கும்.

இன்னொரு இடத்துலயும் புதுசா வர்றவங்க தடுக்கி விழறாங்க. ஒண்ணுல பியரிஷ்னா எல்லாருக்கும் கெட்டதுன்னு அர்த்தம் இல்ல. கச்சா எண்ணெய்ல பியரிஷ்னு யாராவது சொன்னா, எண்ணெய் தோண்டி எடுக்கற கம்பெனிக்கு அது கெட்ட சேதி, ஆனா பெயிண்ட் கம்பெனி, டயர் கம்பெனி, விமானக் கம்பெனிக்கு எல்லாம் செலவு குறையும். ரூபாயில பியரிஷ்னு சொன்னா இன்னும் குழப்பம், ஏன்னா நம்ம டிவில காட்டறது ஒரு டாலருக்கு எத்தனை ரூபாய்ங்கற கணக்கு, அந்த நம்பர் மேல ஏறினாத்தான் ரூபாய் இறங்குதுன்னு அர்த்தம், சார்ட் மேல போகுது ஆனா பேச்சு பியரிஷ். ரூபாய் இறங்கினா திருப்பூர்ல இருந்து பனியன் ஏத்துமதி பண்றவர் கைக்கு அதே டாலருக்கு ரூபாய் கூட வரும், பையனை அமெரிக்காவுல படிக்க வச்சிருக்கற அப்பாவுக்கு ஃபீஸ் கூடும். அதே மாதிரி ஒரு ஷேர்ல பியரிஷ்னா அந்தக் கம்பெனி மோசம்னு முடிவு பண்ணிடக் கூடாது, நல்ல கம்பெனிதான், ஆனா இந்த விலை அதுக்கு ரொம்ப ஜாஸ்திங்கறதும் பியரிஷ்தான்.

சென்டிமெண்ட் பியரிஷ்னு ஒண்ணு சொல்லுவாங்களே, அதுதான் என்னோட காயம். சென்டிமெண்ட்னா ஊரோட மனசு. எல்லாருக்கும் பயம் வந்துட்டா அதை அளக்கறதுக்கு இந்தியா விக்ஸ்னு ஒரு இண்டெக்ஸ் இருக்கு, அடுத்த ஒரு மாசத்துல எவ்வளவு ஆட்டம் இருக்கும்னு ஆப்ஷன் விலைகளை வச்சு சொல்றது, சாதாரணமா 12, 15ன்னு கிடக்கும், 2020 மார்ச்ல 80ஐத் தாண்டிடுச்சு. அந்த மாசம் 23ம் தேதி திங்கக்கிழமை காலைல மார்க்கெட் திறந்து கொஞ்ச நேரத்துல 10 சதவீதம் விழுந்து சர்க்யூட் அடிச்சு 45 நிமிஷம் எல்லாத்தையும் நிறுத்தி வச்சாங்க, திரும்பத் திறந்தும் விழுந்து அன்னைக்கு சென்செக்ஸ் 3,934 பாயிண்ட் இறங்கி முடிஞ்சுது. வீட்ல அம்மாவுக்கு சுகர் இருக்கு, ஆபீஸ்ல சம்பளம் வருமான்னு தெரியல, டிவில ஒவ்வொருத்தரும் நிஃப்டி 6,000, 5,000னு சொல்றாங்க, நான் பொண்ணு படிப்புக்குன்னு ஏழு வருஷமா சேர்த்த ஃபண்டுல பாதியை அன்னைக்கு வித்துட்டேன், எஸ்ஐபியையும் நிறுத்திட்டேன்.

அடுத்த நாள் மார்ச் 24, நிஃப்டி 7,511 தொட்டுச்சு. அன்னைக்கு ராத்திரி எட்டு மணிக்குத்தான் 21 நாள் ஊரடங்குன்னு பிரதமர் அறிவிச்சாரு. நாடே கதவை சாத்தின நாள், அதை விடக் கெட்ட சேதி ஒண்ணு வர முடியுமான்னு நினைச்சோம், ஆனா அந்த 7,511தான் அடித்தளம், அதுக்குக் கீழ அது போகவே இல்ல. ஜனவரில இருந்த 12,430 உச்சத்தை நவம்பர்லயே தாண்டிடுச்சு. நான் திரும்ப உள்ள வந்தது அடுத்த வருஷம், வித்ததை விட ரொம்ப மேல. அன்னைக்கு பியரிஷ்னு சொன்ன யாரும் என்னை ஏமாத்தல, அவங்களுக்குத் தோணினதை சொன்னாங்க, எனக்கு அது எத்தனை நாளைக்குன்னு கேக்கத் தெரியல. எல்லாரும் பியரிஷ் ஆயிட்டா, விக்க வேண்டியவங்க எல்லாம் ஏற்கனவே வித்து முடிச்சிருப்பாங்க, அதுக்கப்புறம் விலையை இன்னும் கீழ தள்ள ஆள் இருக்காதுங்கற விஷயமும் எனக்கு அப்ப தெரியாது. இதை வச்சு எல்லாரும் பயந்தா உடனே வாங்கிடணும்னு முடிவு பண்ணிடாதீங்க, 2008ல ஜனவரிலயே எல்லாரும் பயந்தாச்சு, ஆனா அடித்தளம் வந்தது அக்டோபர்ல.

தங்கச்சிகிட்ட கடைசியா ஒரு கணக்கு மட்டும் போட்டுக் காட்டினேன். ஃபண்டோட என்ஏவி, அதாவது ஒரு யூனிட்டோட விலை, 60 ரூபாய் இருந்தா உன் 3,000 ரூபாய்க்கு 50 யூனிட், அதே 50 ரூபாய்க்கு இறங்கினா 60 யூனிட், பதினாலு வருஷம் கழிச்சு விக்கப் போறவளுக்கு இன்னைக்கு யூனிட் கூட கிடைக்கறது நல்லதா கெட்டதான்னு நீயே பாத்துக்கோன்னேன். ஆனா அடுத்த வருஷம் வீடு கட்ட வேணும்னு வச்சிருக்கற பணம் ஏதாவது அதுக்குள்ள இருந்தா அது வேற கதை, அதை மார்க்கெட் பியரிஷா இருந்தாலும் புல்லிஷா இருந்தாலும் அங்க வச்சிருக்கவே கூடாதுன்னும் சொன்னேன். அப்படி ஒரு எழுபதாயிரம் இருக்குன்னு அப்பதான் சொன்னா, மாடில ரூம் போடறதுக்காம். அதை மட்டும் திங்கக்கிழமை எடுத்து பேங்க்ல போட்டுட்டா. எஸ்ஐபி அஞ்சாம் தேதி வழக்கம் போல போச்சு.